பால் அக்காவின் நான்கு அழைப்புகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. ஜெர்மனியில் ஏதோ ஒரு ஆற்றில் படகுச் சவாரி. நீலச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, வாய்கொள்ளாத சிரிப்பு, கையில் போன். அதில் நான் பத்து வயது குறைந்து தெரிகிறேன் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆளைப் பிடித்து அப்படியே ஆற்றில் தள்ளிவிட்டால் என்ன என்று தோன்றும். படம் எடுப்பதற்கு அரை நிமிடம் முன்னால் அவன் செய்த காரியம் அப்படி.

நாங்கள் நெமிலிச்சேரியில் வீடு கட்டி வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. மனை போடுவதற்கு முன் அதெல்லாம் கழனி. அந்தக் கழனிக்குச் சொந்தக்காரக் குடும்பங்களில் ஒன்றுதான் எங்களுக்குப் பால் ஊற்றும் அக்காவுடையது. நிலம் போனபின் அவர்களிடம் மிஞ்சியது ஒரு ஓட்டு வீடும், பின்னால் கொட்டகையில் மூன்று எருமைகளும். வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். ஒரே பெண். நாங்கள் குடிவந்த முதல் வாரம் அக்கா பால் கேனைக் கீழே வைத்துவிட்டு, "சார், நீ காரு நிறுத்திகினு கீறியே, அங்கதான் எங்க மாமனாரு நாத்து வுடுவாரு" என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. தகவல் சொன்னார், அவ்வளவுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் என்று தெருவில் பெயர் வந்துவிட்டதால் கூடவே ஒரு பதவியும் வந்து ஒட்டிக்கொண்டது. யார் எதற்கு விண்ணப்பம் போட்டாலும் என் நம்பர். கேஸ் சிலிண்டருக்கு என் நம்பர், ரேஷன் கார்டுக்கு என் நம்பர், எதிர் வீட்டுப் பாட்டியம்மாவின் உதவித்தொகைக்கும் என் நம்பர். அவர்களிடம் போன் இல்லாமல் இல்லை. நம்பர்தான் நிற்காது. அக்காவின் வீட்டுக்காரர் எந்தக் கம்பெனி சலுகை கொடுக்கிறதோ அந்த சிம்முக்கு மாறுவார். அக்காவிடம் இருந்தது ஒரு பட்டன் போன். அதில் வரும் மெசேஜை எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியாது. "உன் நம்பரே போட்டுடு சார். நீதான் மாத்த மாட்டே" என்பார்.

"ஆறு வீட்டுக்கு சிலிண்டர் வந்தா உங்களுக்குத்தான் முதல்ல தெரியுது. நம்ம வீட்டுல தீர்ந்தது மட்டும் தெரியல" என்று என் மனைவி குத்திக் காட்டுவாள். நான் சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அந்தப் பெருமைக்கு வேர் ஆவடியில் இருக்கிறது. அப்பா படைத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் நான் வளர்ந்தது குவார்ட்டர்ஸில். எங்கள் பிளாக்கில் ஒரே ஒரு வீட்டில்தான் போன். பிளாக் முழுக்க அந்த நம்பரைத்தான் எல்லா இடத்திலும் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று எழுதுவார்கள். பக்கத்து வீட்டு போன் என்று அர்த்தம். அந்த வீட்டம்மா போன் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையோடு மாடிப்படி ஏறி இறங்கி ஆளைக் கூப்பிடுவார். ஒருநாளாவது முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. எனக்கு முதல் வேலைக்கான அழைப்பே அவர் வீட்டு போனில்தான் வந்தது. நான் வீட்டில் இல்லை என்றதும் வெயிலில் இரண்டு தெரு நடந்து மைதானத்துக்கே வந்து, "டேய், நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வரச் சொல்றாங்கடா" என்றார். அந்த ஒன்பது மணிதான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது. போன் வைத்திருக்கிறவனுக்கு ஒரு கடமை உண்டு என்பதை நான் யாரும் சொல்லாமலே அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதாவது தெரிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் போன் அடித்தால் எடுக்க மாட்டோம், கட் செய்வோம். கட் செய்தால் 'நான் திரும்பக் கூப்பிடுகிறேன்' என்று அர்த்தம். பேசினால் காசு போகும் என்ற காலத்தில் வந்த வழக்கம். எனக்குக் கம்பெனி கொடுத்த இணைப்பில் எத்தனை பேசினாலும் இலவசம். அதனால் அக்கா கூப்பிட்டால் நான் உடனே கட் செய்து, அடுத்த நொடியே திரும்பக் கூப்பிடுவேன். அவர் காசு மிச்சமாகட்டும் என்றுதான். இப்போது எல்லாருக்கும் பேச்சு இலவசம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. சார் கட் பண்ணினால் கூப்பிடுவார். அக்காவுக்கும் தெரியும், அவர் மகளுக்கும் தெரியும். அவர்களுக்கு அதைப் பழக்கியவனே நான்.

அந்தப் பெண் பிளஸ் டூ முடித்திருந்தாள். அரசுக் கல்லூரியில் நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. விண்ணப்பத்தை என் லேப்டாப்பில், எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினோம். கைப்பேசி எண் என்ற கட்டம் வந்தபோது அவள் என்னைப் பார்த்தாள். நான் யோசிக்காமல் என் நம்பரைத் தட்டினேன். அவளிடம் புதிதாக ஒரு போன் இருந்தது. ஆனால் அதிலிருந்த சிம் அப்பா கொடுத்தது, அது எத்தனை நாளைக்கு என்று அவளுக்கே தெரியாது.

இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில், கம்பெனி என்னை மூன்று வாரம் ஜெர்மனிக்கு அனுப்பியது. புதிதாக வாங்கிய அளவெடுக்கும் இயந்திரத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். குளிர்சட்டை, ஊறுகாய், பருப்புப் பொடி என்று வீடே அமர்க்களப்பட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"அங்கிள், கலந்தாய்வு ரிசல்ட் இந்த மாசம் வரும். உங்க நம்பர் அங்க வேலை செய்யுமா?"

"ரோமிங் போட்டிருக்கேன்மா. உலகத்துல எங்க இருந்தாலும் வேலை செய்யும். எப்ப வேணாலும் கூப்பிடு" என்றேன். சொன்ன தோரணை இன்னும் ஞாபகம் இருக்கிறது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன்.

அங்கே போய் இறங்கியதும் முதலில் கூப்பிட்டது என் மனைவி. "ரிங்கே வேற மாதிரி கேக்குதே. நம்ம ஊர்ல மாதிரி ரெண்டு ரெண்டா இல்லாம, நீளமா ஒரு பீப்பு வருது" என்றாள். அது வெளிநாட்டு ரிங், நான் இருக்கும் நாட்டின் சத்தம் உனக்கு அங்கே கேட்கிறது என்று பெரிய விஞ்ஞானி மாதிரி விளக்கினேன். அந்த விளக்கத்துக்கே பேச்சுக் காசு எகிறிவிட்டது. நான் போட்டிருந்தது ஆகக் குறைந்த ரோமிங் திட்டம். மெசேஜ் வந்தால் இலவசம், போனை எடுத்தால் நிமிடத்துக்கு ஒரு பிரியாணி விலை. கூட வந்திருந்த சக ஊழியர் அம்பத்தூர்க்காரர், ஏற்கனவே இரண்டு முறை வந்தவர். அவர் எனக்கு உபதேசம் செய்தார்.

"மாமே, எடுத்தா காசு, கட் பண்ணா ஓசி. இத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. பேசணும்னா ரூமுக்குப் போயி வைஃபைல பேசிக்கலாம். யாரும் செத்துற மாட்டாங்க."

நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். டேட்டாவையும் அணைத்துவிட்டேன். பகலெல்லாம் யார் கூப்பிட்டாலும் கட். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அறைக்குப் போனால்தான் வைஃபை, வாட்ஸ்அப் எல்லாம்.

இரண்டாவது சனிக்கிழமை விடுமுறை. படகுச் சவாரிக்குப் போனோம். நல்ல வெயில், இரண்டு கரையிலும் பொம்மை வீடுகள் மாதிரி வீடுகள். அங்கே பகல் பன்னிரண்டரை இருக்கும், அதாவது இங்கே மாலை நாலு. போன் அடித்தது. திரையில் 'பால் அக்கா'.

கட் செய்தேன்.

"யாரு?" என்றார் நண்பர்.

"பால்காரம்மா. என் வொய்ஃப் பூந்தமல்லியில ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கா. வீடு பூட்டியிருக்கும். பாலை என்ன பண்றதுன்னு கேக்குறாங்க போல."

"பாலை இன்னா பண்றதுன்னு ஜெர்மனிக்கு போனா?" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நானும் சிரித்தேன் என்று இங்கே எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

இரண்டு நிமிடத்தில் மறுபடியும். கட். நடுவில் ஒரு மெசேஜ் வந்தது. ஆறு இலக்கம், யாரிடமும் பகிர வேண்டாம் என்று தொடங்கியது. யாருக்கோ சிலிண்டர் வந்திருக்கிறது, பக்கத்தில் யாரிடமாவது கேட்டுச் சமாளித்துக்கொள்வார்கள் என்று விரலால் தள்ளினேன். மேற்கொண்டு ஒரு வரி படித்திருந்தால் போதும். படிக்கவில்லை. மூன்றாவது முறை அடித்தபோது நண்பர் தன் போனைத் தூக்கிப் பிடித்து, "மாமே, இங்க பாரு, சிரி" என்றார். கட் செய்துவிட்டுச் சிரித்தேன். அதுதான் கூடத்தில் மாட்டியிருக்கும் படம்.

நான்காவது அழைப்பு கொஞ்ச நேரம் கழித்து வந்தது. அதையும் கட் செய்தேன். அப்புறம் வரவில்லை. விட்டது தொல்லை என்று நினைத்தேன்.

சாயங்காலம் அறைக்கு வந்து வைஃபை பிடித்ததும் வாட்ஸ்அப்பில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு குரல் செய்தி விழுந்தது. அந்தப் பெண்ணின் குரல். மூச்சு வாங்கப் பேசியிருந்தாள்.

"அங்கிள், எனக்கு சீட் கெடைச்சிருக்கு. தெற்க ரொம்ப தூரம். அதான் அப்பா வேணாம்னு சொல்லிகினே இருந்துச்சு. இப்பதான் ஒத்துக்கிச்சு அங்கிள். அஞ்சு மணிக்குள்ள ஓகே குடுக்கணும். ஓடிபி உங்க நம்பருக்கு வந்துருக்கும். அம்மா போன்லருந்து கூப்பிடுறேன், சொல்லுங்க."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். போனில் தள்ளிவிட்ட மெசேஜைத் தேடி எடுத்தேன். ஒன்றல்ல, மூன்று ஆறு இலக்க எண்கள். நாலு மணிக்கு ஒன்று, நாலு பத்துக்கு ஒன்று, நாலரைக்கு ஒன்று. முழுதாகப் படித்தால் கலந்தாய்வு, ஒதுக்கீடு, உறுதிசெய்ய என்றெல்லாம் தெளிவாகவே இருந்தது. ஊரில் மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. ஐந்து மணி எப்போதோ போய்விட்டது.

மனைவியைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவளே ஆரம்பித்தாள்.

"ஏங்க, உங்க போன் ஆஃப்ல இருந்துச்சாமே. அந்தப் பொண்ணு வந்து சொல்லிட்டுப் போச்சு. சீட் போயிடுச்சுங்க. பாவம், அழக்கூட இல்ல."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. 'ஆஃப்ல இல்ல, நான்தான் கட் பண்ணிட்டேன்.' அவ்வளவுதான் வாக்கியம். நான் சொன்னது வேறு.

"ஆமா. சார்ஜ் போயிடுச்சு. இந்த ஊர் பிளக்குல நம்ம சார்ஜர் சரியா நிக்க மாட்டேங்குது."

பொய்யைச் சும்மா விடாமல் அதற்கு ஒரு பிளக்கும் மாட்டினேன். அந்தச் சார்ஜர் நன்றாக நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எனக்கு அந்தச் சோற்றைக்கூட யாரோ முன்னாலேயே பரிமாறி வைத்திருந்தார்கள். ஆஃப் என்று அந்தப் பெண் எப்படியோ நினைத்துக்கொண்டது என் அதிர்ஷ்டம் என்று அன்றைக்கு நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம்.

திங்கட்கிழமை அங்கிருந்தே கலந்தாய்வு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தேன். கெஞ்சித்தான் எழுதினேன். நேரம் முடிந்தால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும், ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது. நியாயமான பதில். என் இடத்தில் இருந்து அதைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

திரும்பி வந்ததும் ஒரு பெரிய பெட்டி சாக்லேட்டோடு அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்று வாரம் அளவு எடுக்கப் பழகியவன் எதை எதற்கு ஈடாக எடுத்துப் போகிறேன் என்று யோசிக்கவில்லை. அக்கா கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் ஆரம்பித்தேன்.

"அக்கா, அன்னிக்கு..."

"அத்த வுடு சார். போன் ஆஃப் ஆயிட்சுன்னா நீ இன்னா பண்ணுவே? வேணும்னேவா பண்ணே? அவ தலையெழுத்து அப்டி கீது. நீ அங்க சோறு தண்ணி கெடைக்காம இளைச்சுகினு வந்துகீற. உக்காரு."

அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சாக்லேட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கத்தில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அக்கா எங்களுக்கு ஊற்றும் பாலில் கொசுறு கொஞ்சம் கூடிற்று. "சார் இளைச்சு வந்துகீறாரு" என்று என் மனைவியிடம் காரணம் சொன்னாராம். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது, ஆடையோடு சேர்த்து. தினமும் காலையில் அந்தக் காபியைக் குடித்துவிட்டுத்தான் ரயில் பிடித்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் குறுகுறுப்போடு வருடக் கணக்கில் காபி குடிக்கலாம் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

என் மனைவி அந்தப் படகுப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியதும் அப்போதுதான். பால் ஊற்ற உள்ளே வரும் அக்கா, பாத்திரம் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"போட்டோல சாரு சோக்கா கீறாரு."

அடுத்த வருடம் அந்தப் பெண் மறுபடி விண்ணப்பித்தாள். இந்த முறை நம்பர் கட்டத்தில் தன் நம்பரையே போட்டாள். என்னிடம் உதவி கேட்டு வரவும் இல்லை. அந்த வருடம் அவள் மதிப்பெண்ணுக்கு இடம் வரவில்லை. அப்புறம் பட்டாபிராமில் ஒரு தனியார் நிலையத்தில் நர்ஸ் உதவியாளருக்கான ஒரு வருடப் பயிற்சி. முடித்துவிட்டுப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் நர்ஸ் இல்லை, நர்ஸுக்கு உதவி. சீருடையின் நிறமே வேறு. அக்காவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. "எம் பொண்ணு நர்ஸு" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்வார். ஒவ்வொரு முறையும் நான் தலையாட்டுவேன். வேறு என்ன செய்ய?

போன மாதம் நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்தில் ஜல்லியில் பைக் சறுக்கி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே ஐந்து தையல். கட்டு மாற்ற அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. காலை பத்து மணி, கூட்டம் இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நீளமான பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவள் தட்டோடு வந்தாள்.

"ஒட்டிகினு கீது அங்கிள். கொஞ்சம் வலிக்கும்" என்று பழைய கட்டின் மேல் மருந்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்தாள். அவசரமே இல்லாத கை. நல்ல நர்ஸாக வந்திருப்பாள் என்று தோன்றியது. மூன்று வருடம் வாய்க்குள் வைத்திருந்ததை அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அன்னிக்கு என் போன்..."

"ஆஃப்ல இல்ல" என்றாள். தலை நிமிரவில்லை. "தெரியும் அங்கிள்."

அவள் கட்டின் நுனியைப் பிடித்து மெதுவாகப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ரிங் போச்சே. நம்ம ஊரு ரிங் இல்ல. ஆன்ட்டி ஏற்கனவே சொல்லிகீறாங்க, நீளமா பீப்பு வரும்னு. அதே மாதிரி நாலு தடவையும் வந்துச்சு. ஆஃப்ல இருந்தா அணைத்து வைக்கப்பட்டுள்ளதுன்னு ஒரு லேடி பேசுவாங்கல்ல? அது வரல."

"அப்ப..."

"நாலு தடவையும் கட் ஆச்சு. நீங்க கட் பண்ணா திரும்பக் கூப்பிடுவீங்க. அதான் அதுக்கப்புறம் நான் கூப்பிடல. நான் அடிச்சுகினே இருந்தா நீங்க கூப்பிடும்போது லைன் பிஸியாயிடும்ல. அஞ்சு மணி வரைக்கும் அம்மா போனைக் கையிலயே வெச்சுகினு இருந்தேன்."

தையலில் ஒட்டியிருந்த கட்டின் கடைசிச் சுற்று பிய்த்துக்கொண்டு வந்தது. நான் கத்தவில்லை. அந்த வலி வந்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. கண் கலங்கியதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

"அப்புறம் ஏம்மா ஆஃப்னு சொன்னே?"

"எங்கம்மாவ உங்களுக்குத் தெரியாதா? உங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னுகினு தெருவே கேக்கிற மாதிரி கத்தும். அப்புறம் அந்தத் தெருவுல யாரு எங்க பாலை வாங்குவாங்க?"

அவள் புண்ணைத் துடைத்தாள். பதினேழு வயதில், சீட் போன அதே மாலையில், அழாமல் நின்று இத்தனையையும் யோசித்திருக்கிறாள். நான் என் பொய் என்று மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தது அவள் செய்து கொடுத்தது. பிளக் மட்டும்தான் என் சொந்தச் சரக்கு.

"நான் பண்ணது பெரிய தப்புமா. அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். இன்னிக்கே சொல்லிடறேன்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அது இல்லை.

"சொன்னா உங்களுக்கு எறங்கிடும் அங்கிள். அம்மாக்கு ஏறிடும். இப்ப அது என்னை நர்ஸுன்னு சொல்லிகினு சந்தோசமா கீது. நீங்க சொன்னா, நான் இன்னாவா ஆயிருக்கணும்னு அதுக்கு தினமும் ஞாபகம் வரும். வேணாம். உங்ககிட்டயே இருக்கட்டும்."

புதுக் கட்டைச் சுற்றி, நுனியில் பிளாஸ்திரி ஒட்டினாள். "நாளன்னிக்கு வாங்க. தண்ணி படாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் திரைச்சீலையை விலக்கி அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் சொருகினேன். ஏன் என்று மனைவி கேட்டாள். சுவர் ஓதம் என்றேன். இன்னொரு பொய். ஆனால் படம் கண்ணில் படாததே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மறுநாள் காலை போன் அடித்தது. பால் அக்கா. வாசலில் நிற்கிறேன், பாத்திரம் கொண்டுவா என்பதற்காகக் கொடுக்கும் மிஸ்டு கால். முதல் ரிங்கிலேயே எடுத்தேன்.

"இன்னா சார், எட்துட்டே? சும்மாதான குட்த்தேன்."

"இருக்கட்டும் அக்கா. உள்ள வாங்க."

மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். நான் நொண்டிக்கொண்டே பாத்திரத்தை எடுத்து வந்தேன். அக்கா பாலை ஊற்றிவிட்டு வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். வெறும் ஆணி.

"படகு போட்டோ எங்க சார்?"

"தொடைக்க எடுத்தேன்."

"மாட்டு சார். காத்தால அதப் பாத்துட்டுத்தான் அடுத்த ஊட்டுக்குப் போவேன். நல்லா சிரிச்சுகினு கீற அதுல."

சொல்லிவிட்டு அவர் போகவில்லை. கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்தேன். கட்டுப் போட்ட காலோடு ஸ்டூலில் ஏற முடியாததால் எட்டி, தடுமாறி, அதே ஆணியில் மாட்டினேன்.

"நேரா இருக்கா அக்கா?"

"இந்தாண்ட கொஞ்சம் எறங்கிகீது" என்று அக்கா அருகில் வந்து, பால் ஈரம் காயாத விரலால் தானே அதை நிமிர்த்தி வைத்தார். "ஆங், இப்ப கரீட்டா கீது."